ஓடும் கையும் நின்றெழுதும் கையும்

என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம், ஒரு சாயங்காலம் ஆங்கிலக் கதைப்புத்தகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா, இது என்ன எழுத்து?" என்று விரல் வைத்துக் கேட்டாள். ஸ்மால் ஏ. அவளுக்குத் தெரிந்த எழுத்துதான். ஆனால் புத்தகத்தில் இருந்தது அச்சு ஏ: மேலே ஒரு கூரை வளைந்து, அதன் அடியில் தொப்பை ஒட்டிக்கொண்டிருக்கும் வடிவம். பள்ளியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது வேறு ஏ: ஒரு வட்டம், அதன் வலது ஓரத்தில் ஒரு சின்னக் கோடு. இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. அப்போதே டி.டி.பி. வேலையில் பதினைந்து வருஷம் கழித்திருந்தேன். ஒரு குழந்தைக்கு அவை வெவ்வேறு எழுத்துகள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அன்று இரவு அந்தக் கதையின் முதல் இரண்டு பக்கங்களைக் காமிக் சான்ஸ் எழுத்துருவில் அடித்து, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அதில் ஏ வட்டமும் கோடுமாகவே இருக்கும். தடங்கல் இல்லாமல் படித்தாள்.

இரண்டு வருஷம் கழித்து நாலுகோடு நோட்டு வந்தது. கர்சிவ். பேனாவைத் தூக்காமல் ஒரு சொல்லை முடிக்க வேண்டும் என்பது டீச்சரின் விதி. தனித்தனியாக நிற்கப் பழகிய எழுத்துகளை அவள் இப்போது கைகோக்கப் பழக்க வேண்டியிருந்தது. ஒரு எழுத்தின் வாலை அடுத்த எழுத்தின் தலையோடு எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் அவள் திணறிய நாட்களில், என் கணினியில் இருந்த இன்னொரு எழுத்துருவை அடிக்கடி நினைத்துக்கொண்டேன். அதன் பெயர் மிஸ்ட்ரல். ஒரு மனிதர் அதே திணறலை ஈயத்தில் தீர்த்துவைத்த எழுத்து அது.

காமிக் சான்ஸ், மிஸ்ட்ரல் இரண்டையும் எழுத்துருப் பட்டியல்கள் ஒரே அலமாரியில்தான் வைக்கின்றன: கையெழுத்துச் சாயல், சாதாரணத் தொனி. இரண்டையும் எத்தனையோ வருஷமாகக் கையாண்டபின் எனக்குப் படுவது, ஒரே அலமாரியில் இருந்தாலும் இவை எதிரெதிர்த் திசையில் பார்க்கின்றன என்பதுதான். மிஸ்ட்ரல், எழுதத் தெரிந்த கை வேகமாக ஓடும்போது என்ன ஆகிறது என்பதைப் பிடிக்கப் பார்க்கிறது. காமிக் சான்ஸ், பிறர் படிக்க வேண்டுமே என்று கை நின்று நின்று எழுதும்போது என்ன ஆகிறது என்பதைப் பிடிக்கப் பார்க்கிறது. எங்கே எது பொருந்தும், எது ஏன் கெட்ட பெயர் வாங்கியது என்பதற்கெல்லாம் வேர் இந்த ஒரு வேறுபாட்டில் இருக்கிறது.

மூத்ததை முதலில் பார்ப்போம். மிஸ்ட்ரல் 1953-இல் வெளிவந்தது. பிரான்ஸின் தென்கரைத் துறைமுகமான மார்சேயில் இயங்கிய ஃபோண்டரி ஒலீவ் என்ற எழுத்து வார்ப்பகம் அதை வெளியிட்டது. வடிவமைத்தவர் ரோஜே எக்ஸ்கோஃபோன். 1910-இல் மார்சேயில் பிறந்தவர், 1983-இல் மறைந்தார். ரோன் பள்ளத்தாக்கு வழியாக வடக்கிலிருந்து மத்தியதரைக் கடலை நோக்கிச் சீறிக்கொண்டு இறங்கும் குளிர்காற்றுக்கு அந்த ஊரில் மிஸ்ட்ரல் என்று பெயர். தன் கையெழுத்தையே ஆதாரமாக வைத்து அவர் வரைந்த எழுத்துக்கு அந்தக் காற்றின் பெயரை வைத்தார். எழுத்தைப் பார்த்தால் பெயர் பொருந்துவது தெரியும். எல்லா எழுத்தும் ஒரே பக்கமாக ஓடிக்கொண்டிருக்கும். கோட்டின் ஓரங்கள் வழவழப்பாக இருக்காது. மை தீர்ந்துகொண்டிருக்கும் தூரிகையால் இழுத்ததுபோல் சொரசொரப்பாக இருக்கும். எஃப், ஜி, பி, கியூ, ஒய், இசட் ஆகியவற்றின் வால்கள் கோட்டுக்குக் கீழே நீளமாக இறங்கும்.

அழகு இருக்கட்டும். அச்சுக்கூடத்தில் ஈய எழுத்து கோத்தவர்களைக் கேட்டால்தான் இதில் உள்ள கடினம் விளங்கும். ஈய எழுத்து என்பது ஒரு குட்டிக் கட்டை; அதன் தலையில் ஒரு எழுத்து புடைத்து நிற்கும். கம்பாசிட்டர் கேஸிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஸ்டிக்கில் அடுக்குவார். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு எல்லை உண்டு. கையெழுத்தில் மை அந்த எல்லையைக் கவனிக்காமல் ஓடிவிடும். ஈயத்தில் அப்படி ஓட முடியாது. ஒரு எழுத்தின் கடைசி இழுப்பு கட்டையின் வலது விளிம்பில் எந்த உயரத்தில் முடிகிறதோ, அதே உயரத்தில், அதே தடிமனில் அடுத்த எழுத்து அதன் கட்டையின் இடது விளிம்பில் தொடங்க வேண்டும். மயிரிழை தப்பினாலும் சொல்லுக்கு நடுவே வெள்ளையாக ஒரு கீறல் விழும். அடுத்து வரப்போகும் எழுத்து எது என்று வடிவமைப்பாளருக்கு முன்கூட்டித் தெரியாது. ஆங்கிலச் சிறிய எழுத்துகள் 26. எதுவும் எதோடும் சேரலாம் என்றால் 676 ஜோடிகள். அத்தனைக்கும் ஒரே இணைப்பு பொருந்த வேண்டும்.

இதற்கு எளிய தீர்வு ஒன்று உண்டு. எல்லா எழுத்துக்கும் ஒரே மாதிரி மெல்லிய இணைப்புக்கோட்டை, ஒரே சாய்வில், ஒரே உயரத்தில் போட்டுவிட்டால் போதும். இணைப்பு தவறாது, ஆனால் எழுத்து அணிவகுப்புபோல ஆகிவிடும், எழுதிய ஆள் காணாமல் போவார். எக்ஸ்கோஃபோன் இணைப்பு சந்திக்கும் இடத்தை மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொண்டார். மற்ற எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டார். மேலே எழும் கொம்புகள், கீழே தொங்கும் வால்கள், வயிற்றுப் பகுதியின் அகலம் எல்லாம் தாறுமாறாகப் போவதுபோல் தெரியும். விளிம்பில் மட்டும் ஒழுங்கு, மற்ற இடமெல்லாம் சுதந்திரம். வாசகர் கண் சுதந்திரத்தைப் பார்க்கிறது. ஒழுங்கு கண்ணில் படுவதில்லை. ஈய எழுத்து வரலாற்றில் இதைப் பெரிய சாதனைகளில் ஒன்றாக நான் எண்ணுகிறேன். இவர் சும்மா ஒரு கிறுக்கலைச் செதுக்கிவைத்த ஆள் அல்ல. பாங்கோ, ஷோக் போன்ற விளம்பர எழுத்துகளும், ஆன்டிக் ஒலீவ் என்ற நிதானமான எழுத்துக் குடும்பமும் அவர் செய்தவை. 1968-இல் கிரனோபிளில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கின் விளையாட்டுச் சின்னங்களை வரைந்தவரும் அவர்தான்.

காமிக் சான்ஸ் பிறந்த இடமும் காரணமும் வேறு. 1994-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் எழுத்துருப் பொறியாளராக இருந்த வின்சென்ட் கொனேர், வெளியீட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்த மைக்ரோசாஃப்ட் பாப் என்ற மென்பொருளின் முன்னோட்டத்தைப் பார்த்தார். கணினிக்குப் பயப்படுகிறவர்களுக்காகச் செய்தது அது. திரையில் ஒரு கார்ட்டூன் நாய் வந்து, அடுத்து என்ன செய்யலாம் என்று பேச்சுப் பலூனில் சொல்லும். பலூனுக்குள் இருந்த எழுத்து டைம்ஸ் நியூ ரோமன். லண்டன் செய்தித்தாள் ஒன்றுக்காக 1930-களில் உருவான எழுத்தில் ஒரு கார்ட்டூன் நாய் பேசுவது அவருக்கு ஒட்டவில்லை. தம் அலுவலக அறையில் வைத்திருந்த காமிக்ஸ் புத்தகங்களைப் புரட்டினார். ஃபிராங்க் மில்லரின் பேட்மேன் கதை ஒன்றும், டேவ் கிப்பன்ஸ் வரைந்து எழுத்தும் எழுதிய வாட்ச்மென்னும் அவற்றில் இருந்தன. பலூன்களில் உள்ள கையெழுத்தின் சாயலை எடுத்துக்கொண்டு, கணினித் திரையில் மவுஸால் நேரடியாக வரையத் தொடங்கினார்.

காமிக்ஸ் பலூன்களில் பெரும்பாலும் கேப்பிடல் எழுத்துகளே இருக்கும். ஆக, ஸ்மால் எழுத்துகளுக்கு அவர் பெரிதும் தம் கற்பனையையே நம்ப வேண்டியிருந்தது. என் மகள் அடையாளம் கண்டுகொண்ட அந்த ஏ அப்படிப் பிறந்ததுதான்.

வேடிக்கை என்னவென்றால், எந்த நாய்க்காக வரைந்தாரோ அதன் வாயில் அந்த எழுத்து ஏறவே இல்லை. பாப் மென்பொருளின் பலூன்கள் எல்லாம் டைம்ஸ் நியூ ரோமனின் அகலத்துக்கு அளந்து கட்டப்பட்டிருந்தன; காமிக் சான்ஸ் அதைவிடப் பெரியது, அடங்கவில்லை. பிறகு 3டி மூவி மேக்கர் என்ற குழந்தைகளுக்கான மென்பொருளில் அது இடம்பெற்றது. விண்டோஸ் 95-க்கான பிளஸ் தொகுப்பில் சேர்ந்தது. 1996-இல் இணையத்துக்கென மைக்ரோசாஃப்ட் இலவசமாகக் கொடுத்த அடிப்படை எழுத்துருக்களில் ஒன்றானது. அதற்குப் பிறகு உலகத்தில் எந்தக் கணினியைத் திறந்தாலும் அது இருந்தது. மிஸ்ட்ரலும் பின்னாளில் மைக்ரோசாஃப்ட் ஆபீஸோடு வீடுவீடாக வந்துசேர்ந்தது. மார்சேயின் ஈயமும் அமெரிக்கத் திரையும் ஒரே எழுத்துருப் பட்டியலில் மேலும் கீழுமாக உட்கார்ந்தன.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குப் பிடித்த சொல் 'லெட்டர்'. ஆங்கிலத்தில் எல், இ, டி, டி, இ, ஆர் என்று ஆறு எழுத்து. நடுவில் இரட்டை டி, அதன் இருபுறமும் ஒரே இ. இதை நீங்கள் ஒரு தாளில் வேகமாக எழுதிப்பாருங்கள். இரண்டு டி-க்கும் தனித்தனியாகக் குறுக்குக்கோடு போட மாட்டீர்கள். இரண்டு கம்பங்களையும் நட்டுவிட்டு ஒரே இழுப்பில் ஒரு கோடு போட்டு முடிப்பீர்கள். முதல் இ கொஞ்சம் திறந்திருக்கும். இரண்டாவது இ, ஆர்-ஐ நோக்கி ஓடும் அவசரத்தில் நெளிந்திருக்கும். ஒரே கை, ஒரே விநாடி. ஆனாலும் ஒரே எழுத்து இரண்டு தடவை ஒரே மாதிரி வராது.

அச்சில் வரும். ஒரு எழுத்துக்கு ஒரு வடிவம் என்பதுதான் அச்சின் அடித்தளமே. இப்போதைய ஓபன்டைப் எழுத்துருக்களில் ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவங்களைப் பொதிந்துவைத்து, சூழலுக்கு ஏற்ப மாறிமாறி வரும்படி செய்ய முடியும். என் கணினியில் உள்ள மிஸ்ட்ரலில் அந்த வசதி இல்லை. அதில் 'லெட்டர்' என்று அடித்தால் இரண்டு டி-யும் இரட்டைப் பிள்ளைகள்போல் நிற்கும்; இரண்டு இ-யிலும் மை ஒரே இடத்தில் சொரசொரக்கும். வேகமாக ஓடிய கை எப்படி அச்சுப் பிசகாமல் அதே தடத்தில் ஓட முடியும்? கண் அதைக் கவனித்துவிட்ட அந்தக் கணமே ஓட்டம் நின்றுவிடுகிறது.

காமிக் சான்ஸிலும் இரண்டு டி-யும் ஒன்றேதான். ஆனால் அங்கே அது உறுத்துவதில்லை. ஏன் உறுத்துவதில்லை என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். காமிக் சான்ஸ் பாவனை செய்வது எந்தக் கையை? ஒவ்வொரு எழுத்தையும் ஒரே மாதிரி எழுத வேண்டும் என்று முயல்கிற கையை. பலூனுக்குள் எழுதும் காமிக்ஸ் கலைஞரின் கை அது. கரும்பலகையில் எழுதும் டீச்சரின் கை அது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையும் அதுதான். அந்தக் கைகளின் ஆசையே அச்சுப்போல எழுதுவது. ஆக அந்த எழுத்து அச்சில் ஒரே மாதிரி வரும்போது, அதில் பொய் ஏதும் வெளிப்படுவதில்லை. மிஸ்ட்ரலின் கைக்கு அப்படி ஓர் ஆசை இல்லை. அதனால்தான் திரும்பத் திரும்ப வருவது அதற்குப் பகை.

எங்கே எதைப் பயன்படுத்தலாம் என்பதற்கு இதிலேயே விடை கிடைக்கிறது. மிஸ்ட்ரல் ஒரு பெயரைத் தாங்கும், ஒரு தலைப்பைத் தாங்கும், இரண்டு மூன்று சொற்களைத் தாங்கும். அதற்கு மேல் போனால் அதே இ, அதே ஆர் வரிக்கு நாலு தடவை வந்து குட்டை உடைத்துவிடும். பிரான்ஸில் முடிதிருத்தும் கடை, பூக்கடை, காப்பிக்கடைப் பலகைகளில் அது பல தலைமுறையாக நிற்பதற்கும் இதுதான் காரணம்: கடைப்பெயர் என்பது ஒரு சொல் அல்லது இரண்டு சொல். 2011-இல் வந்த நிக்கோலஸ் விண்டிங் ரெஃப்னின் 'டிரைவ்' படத்தின் தலைப்பு எழுத்துகளும் மிஸ்ட்ரல்தான். இரவு நகரத்தின் மேல் பளீரென்ற ரோஸ் நிறத்தில் பெயர்கள் வந்து போகும். ஒவ்வொரு பெயரும் யாரோ போட்ட கையொப்பம்போலத் தெரியும். மிஸ்ட்ரலின் உயிர் கையொப்பத்தில் இருக்கிறது. 'இது இன்னாருடையது' என்று அது சொல்கிறது.

காமிக் சான்ஸ் அப்படிச் சொல்வதில்லை. 'இது உனக்காக' என்று சொல்கிறது. யார் எழுதியது என்பது அதில் முக்கியமே இல்லை. படிக்கிறவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்ற அக்கறைதான் முன்னால் நிற்கிறது. பத்தி பத்தியாக ஓடினாலும் அது தாங்கும், சின்ன அளவிலும் தாங்கும். எழுத்துகளை விலக்கி வைத்தாலும் ஒன்றும் உடையாது.

விலக்கி வைப்பது என்றதும் ஒரு கல்யாணப் பத்திரிகை நினைவுக்கு வருகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மணமக்கள் பெயரை ஆங்கிலத்தில் மிஸ்ட்ரலில் வைக்கச் சொல்லியிருந்தார்கள். பெயர்கள் சின்னவை, பத்திரிகை அகலமானது. இடம் காலியாகத் தெரிகிறதே என்று எழுத்துகளுக்கு இடையே இடைவெளியைக் கூட்டிவிட்டேன். திரையில் பெரிதாகத் தெரியவில்லை. பிளேட் போட்டு, தங்க மையில் ஐந்நூறு ஓடிய பிறகு ஒரு பத்திரிகையை வெளிச்சத்தில் பிடித்தால், ஒவ்வொரு இணைப்பும் அறுந்து, வால்கள் எல்லாம் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தன. மணமகளின் தகப்பனார் பத்திரிகையை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பேரு பிஞ்சு பிஞ்சு இருக்கே தம்பி" என்றார். சுப காரியத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது எனக்குப் பொறுக்கவில்லை. என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லித் திரும்ப அடித்துக் கொடுத்தோம். அன்றிலிருந்து மிஸ்ட்ரலை எடுத்தால் இடைவெளியில் கை வைப்பதில்லை. முழுக்கக் கேப்பிடலில் அடிக்கவும் விடுவதில்லை. கேப்பிடல்கள் சொல்லின் தலையில் ஒருமுறை வர வரைந்தவை. அவற்றை வரிசையாக நிறுத்தினால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்.

காமிக் சான்ஸுக்கும் குறைகள் உண்டு. அதை நேசிக்கிறவனாக இருந்தாலும் மறைக்க மாட்டேன். நல்ல அச்செழுத்தில் இரண்டு கோடுகள் சந்திக்கும் இடத்தில் கோட்டைக் கொஞ்சம் மெலிய வைப்பார்கள். 'என்' (n) எழுத்தில் வளைவு தண்டிலிருந்து பிரியும் முனை, 'எம்' (m) எழுத்தில் நடுத்தண்டின் தோள், 'இ' (e) எழுத்தில் குறுக்குக்கோடு வட்டத்தைத் தொடும் இடம். அங்கே மெலிய வைக்காவிட்டால் மை சேர்ந்ததுபோலக் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். காமிக் சான்ஸில் கோடு எங்கும் ஒரே தடிமன். தூரத்திலிருந்து ஒரு பத்தியைப் பார்த்தால் சாம்பல் பூத்த சீரான பரப்பு கிடைக்காது. அங்கங்கே கறுப்பும் வெளுப்புமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். 1990-களின் திரையில் இது தெரியாது. அந்தக் காலத் திரையில் ஒரு எழுத்தின் உயரமே ஏழெட்டுப் புள்ளிகள்தான். புள்ளி ஒன்று கறுப்பு, இல்லையென்றால் வெள்ளை. நுட்பமாக மெலிய வைக்க அங்கே இடமே இல்லை. கொனேர் வரைந்தது அந்தத் திரைக்கு. அதை எடுத்து ஆறடி ஃபிளக்ஸில் ஏற்றினால், சின்ன அளவில் தெரியாத கறுப்புப் புள்ளிகள் எல்லாம் முஷ்டி அளவுக்குத் தெரியும். மிஸ்ட்ரலின் கதை இதற்கு நேர் எதிர்: பெரிதாக்க ஆக்க அதன் சொரசொரப்பு அழகாகும், சின்னதாக்கினால் வயிற்றுப் பகுதி சிறுத்து, வால்களும் கொம்புகளும் மட்டும் மிஞ்சி, படிக்கவே முடியாது.

கொனேருக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. 1996-இல் வந்த டிரெபுஷே என்ற எழுத்துருவும் அவர் வரைந்ததே. திரை வாசிப்புக்கு வந்த நல்ல எழுத்துகளில் அது ஒன்று.

காமிக் சான்ஸ் மீதான வெறுப்பு தனிக்கதை. அமெரிக்காவின் இண்டியானபோலிஸில் டேவ் கோம்ப்ஸ், ஹாலி கோம்ப்ஸ் என்ற வடிவமைப்பாளர் இருவருக்கு ஒரு குழந்தைகள் அருங்காட்சியகத்தின் வேலையில் அதையே பயன்படுத்த வேண்டும் என்று கட்டளை வந்தது. அந்த மனக்கசப்பு காமிக் சான்ஸைத் தடை செய்யச் சொல்லும் இயக்கமாக வளர்ந்தது. 2012 ஜூலை 4 அன்று செர்ன் ஆய்வகத்தில் ஹிக்ஸ் போசானை ஒத்த துகள் கண்டறியப்பட்ட செய்தியை உலகமே எதிர்பார்த்திருந்தபோது, அட்லஸ் குழுவின் சார்பில் பேசிய ஃபபியோலா ஜானோட்டியின் திரைப்பக்கங்கள் காமிக் சான்ஸில் இருந்தன. இயற்பியலில் ஒரு தலைமுறையின் உழைப்பு அந்தப் பக்கங்களில் இருந்தது. பலர் பேசியதோ எழுத்துருவைப் பற்றி. 2013-இல் போப் பதினாறாம் பெனடிக்ட் பதவி விலகியபோது வத்திக்கான் வெளியிட்ட புகைப்படத் தொகுப்பிலும் அதே எழுத்து, அதே கூச்சல்.

இந்த வெறுப்பை நான் ஏற்பதில்லை. இடம் தவறியது என்றால் தவறியது என்று சொல்லலாம். கல்லறைக் கல்லில் அது வேண்டாம், மருத்துவமனையின் அபாய அறிவிப்பில் வேண்டாம். ஆனால் 1990-களின் கடைசியில் கணினி முன் முதன்முதலாக உட்கார்ந்தவர்களை நினைத்துப்பாருங்கள். பள்ளி டீச்சர், அலுவலகக் கிளார்க், பிள்ளையின் பிறந்தநாளுக்கு அழைப்பு அடிக்கும் அம்மா. பட்டியலைத் திறந்தால் ஏரியல், டைம்ஸ், கூரியர். எல்லாமே உத்தரவுபோலப் பேசும் எழுத்துகள். அந்த வரிசையில் ஒன்றே ஒன்று மனுஷர் எழுதியதுபோல் இருந்தது. 'சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவி வையுங்கள்' என்பதை ஏரியலில் எழுதினால் மேலதிகாரி சொன்னதுபோல் இருக்கும். காமிக் சான்ஸில் எழுதினால் பக்கத்து மேஜைக்காரர் சொன்னதுபோல் இருக்கும். அந்த வேறுபாட்டை எந்தப் பயிற்சியும் இல்லாமல் தாங்களாகவே உணர்ந்து தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள். அந்தக் காது நல்ல காது.

மிஸ்ட்ரல் அதே பட்டியலில் இருந்தும் யாரும் அதைத் தடை செய்யச் சொல்லவில்லை. காரணம் எளிது. ஒரு சுற்றறிக்கையை மிஸ்ட்ரலில் அடித்துப் பார்த்தவர் முதல் பத்தியிலேயே கைவிட்டிருப்பார், படிக்க வராது. தவறாகப் பயன்படுத்தினால் அது அங்கேயே தடுத்துவிடும். காமிக் சான்ஸ் யாரையும் தடுக்காது, எதைக் கொடுத்தாலும் படிக்கும்படி காட்டிவிடும். அந்தப் பணிவுதான் அதை எல்லா இடத்துக்கும் கொண்டுபோய், கெட்ட பெயரும் வாங்கிக்கொடுத்தது.

படிக்கத் திணறும் பிள்ளைகள் விஷயத்தில் அதற்கு ஒரு நல்ல பெயரும் உண்டு. டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கான ஆவணங்களில் ஏரியல், காமிக் சான்ஸ் போன்ற எழுத்துகளைப் பயன்படுத்தலாம் என்று பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா சங்கத்தின் வழிகாட்டி சொல்கிறது. எழுத்துகள் நெருக்கமாகத் தெரியாமல் இருப்பது ஒரு காரணம். பெரும்பாலான அச்செழுத்துகளில் ஸ்மால் பி-யைக் (b) கண்ணாடியில் காட்டினால் அது டி (d) ஆகிவிடும். காமிக் சான்ஸில் அப்படி அச்சாகத் திரும்பாது. இரண்டும் தனித்தனியாக வரையப்பட்டவை. கேப்பிடல் ஐ-க்குத் தலையிலும் காலிலும் கட்டை இருப்பதால் ஸ்மால் எல்-லோடு அது குழம்பாது. எழுத்துரு மட்டுமே அந்தக் குறைபாட்டைத் தீர்த்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் ஒரு பிள்ளைக்கு ஒரு தடங்கல் குறைகிறது என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

இந்த இரண்டு எழுத்துருவிலும் தமிழ் இல்லை. காமிக் சான்ஸைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு தமிழை அடித்தால், கணினி சத்தமில்லாமல் லதாவுக்கோ நிர்மலாவுக்கோ தாவிவிடும். நம் பள்ளிச் சுற்றறிக்கைகளில் இதை அடிக்கடி பார்க்கலாம்: மேலே ஆங்கிலம் சிரித்துப் பேசும், கீழே அதே செய்தி தமிழில் விறைத்து நிற்கும். நாம் தமிழை எழுதுவதே ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தித்தான். நாலுகோடு நோட்டில் ஆங்கிலத்தைக் கைகோக்கப் பழகும் அதே பிள்ளை, தமிழ் நோட்டில் அப்படிப் பழகுவதில்லை. வேகமாக எழுதும்போது கொம்பும் காலும் பக்கத்து எழுத்தில் உரசும். முறையான இணைப்பு என்று ஒன்று கிடையாது. ஆகவே தமிழில் கையெழுத்துச் சாயல் என்றால் மிஸ்ட்ரலின் வழி சரிப்படாது. வேகத்தை இணைப்பில் காட்ட முடியாதபோது சாய்விலும், முனைகள் திறந்து நிற்பதிலும், சுழிகள் தளர்வதிலும்தான் காட்ட வேண்டும். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்து, கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் கவிவனார் அப்படிச் சாய்ந்து எழுதிய கையின் சாயலைக் கொண்டது. பழைய வாரப் பத்திரிகைகளில் தொடர்கதைத் தலைப்புகளை ஓவியர்கள் தூரிகையால் எழுதிய நாட்களை எண்ணும்போது, அந்தத் திசையில் நமக்கு இன்னும் எத்தனையோ எழுத்துகள் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

என் மகள் இப்போது எட்டாம் வகுப்பு. போன வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டு, தானே லீவு லெட்டர் எழுதி, கையெழுத்துக்காக என்னிடம் நீட்டினாள். அவள் எழுத்து இப்போது முழு கர்சிவ் இல்லை. ஒன்றாம் வகுப்பு எழுத்தும் இல்லை. சில எழுத்துகளைச் சேர்க்கிறாள், சிலவற்றைத் தனியே விடுகிறாள். ஏ இன்னும் வட்டமும் கோடும்தான். பள்ளிக்கு வர இயலவில்லை என்ற வரியில் 'அட்டெண்ட்' என்ற சொல்லின் இரண்டு டி-க்கும் சேர்த்து ஒரே கோடு போட்டிருந்தாள். அது கொஞ்சம் மேல்நோக்கி ஏறி, பக்கத்தில் இருந்த இ-யின் தலையையும் தொட்டுக்கொண்டு போயிருந்தது.